விண்பயணத்துக்காக உடலை மாற்றுதல்: சொல் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்

மொழிபெயர்ப்பாளர்:
நண்பர்களே, வணக்கம். பட்ட வகுப்பு அறவியல் பாடம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. செவ்வாய்க் கோளுக்குப் போய்வரும் வழியில் மட்டுமே உடல் ஏற்கும் கதிர்வீச்சு, கியூரியாசிட்டி கலத்தின் அளவீட்டுப்படி, ஏறத்தாழ 660 மில்லிசீவர்ட். நாசா ஒருவருக்குப் பணிக்காலம் முழுவதற்கும் அனுமதிப்பதே 600தான். இதனால்தான் கதிர்வீச்சைத் தாங்கும் நுண்விலங்கான நீர்க்கரடியின் டிசப் (Dsup) புரதத்தைப் பற்றி இவ்வளவு பேச்சு. 2016இல் டோக்கியோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதை வளர்ப்பு மனிதச் செல்களில் சேர்த்தபோது எக்ஸ் கதிர்ச் சேதம் சுமார் 40 விழுக்காடு குறைந்தது. நாளை மனிதரையே இப்படி மாற்றினால் அதற்கு என்ன பெயர்? இப்போதைக்கு 'மேம்படுத்தல்' என்று எழுதியிருக்கிறேன்.

தமிழாசிரியை:
'மேம்படுத்தல்' வேண்டாம் ஐயா. நல்லதா கெட்டதா என்பதுதானே பாடத்தின் கேள்வி? தலைப்பே விடை சொல்லிவிடுகிறது. 'மரபணுத் திருத்தம்' என்பதும் அப்படித்தான், திருத்த அங்கே பிழை ஏது? 'உடல்மாற்றம்' போதும்.

சித்த மருத்துவர்:
உடல்மாற்றம் என்றால் மாணவர்கள் உறுப்புமாற்று என்று நினைப்பார்கள். நம்மிடம் காயகற்பம் இருக்கிறது. காயம் என்றால் உடல், வானும் அதுவே. 'வறிது நிலைஇய காயமும்' என்று புறநானூறு சொல்லவில்லையா? 'விண்காயகற்பம்' எனலாம்.

ஓய்வுபெற்ற பொறியாளர்:
இரண்டு காயமும் வடமொழி வழி வந்தவை. யாக்கை என்பது தூய தமிழ். யா என்றால் கட்டு, யாப்பும் அதே வேர்தான். கட்டியதை அவிழ்த்துத் திரும்பக் கட்டுவதால் 'மறுயாப்பு'.

உயிரியல் ஆசிரியர்:
மறுயாப்பு என்றால் என் மாணவர்கள் வெண்பாவைத் தேடிப் போவார்கள், ஐயா. எனக்கு வேர் முக்கியமில்லை, வினை முக்கியம். ஒட்டகம் பாலைக்குத் தகவமைந்தது, அது தன்வினை. மனிதரை நாம் தகவமைக்கிறோம், அது பிறவினை. ஆகவே 'தகவமைத்தல்'. செய்பவர் ஒருவர் இருக்கிறார் என்று சொல்லே காட்டிக்கொடுக்கும். அதிலும் இரண்டு வகையைப் பிரித்தே ஆகவேண்டும். அண்டார்க்டிகாவில் சிலி நாட்டுக் குடியிருப்பில் நெடுநாள் தங்கப் போகிறவர்கள் குடல்வாலை முன்பே எடுத்துவிடுகிறார்கள். எடுத்தால்தான் இடம் என்னும்போது அந்தச் சம்மதம் எவ்வளவு சுதந்திரமானது என்று கேட்கலாம். ஆனால் கேட்க ஒரு ஆளாவது இருக்கிறார். 2018இல் சீனாவில் ஹ ஜியான்குய் என்னும் ஆய்வாளர் கருவிலேயே மரபணுவை மாற்றியதால் பிறந்த இரட்டையரை யார் கேட்டது? அந்த மாற்றம் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் போகக்கூடும். அதனால் 'உடல்வழித் தகவமைத்தல்', 'கருவழித் தகவமைத்தல்' என்று தனித்தனியே வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர்:
சரி, மூன்று பேர் தனிமடலிலும் இதையே ஆதரித்தார்கள். 'விண்வெளித் தகவமைத்தல்' என்று தலைப்பிட்டு, கருவழியைத் தனிப் பகுதியாக்கி அனுப்புகிறேன்.

தமிழாசிரியை:
அனுப்புங்கள், ஆனால் என் மறுப்பு இருக்கட்டும். தகவு என்றால் தகுதி. மேம்பாட்டை வாசலில் தடுத்துவிட்டுக் கொல்லைப்புறமாக அதையே உள்ளே விட்டிருக்கிறோம். பூமியில் பிறந்த உடலைத் தகாதது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடுத்த பதிப்பில் திரும்பவும் கேட்பேன்.

பொறியாளர்:
'விண்வெளி'யில் 'வெளி' எதற்கு? விண் என்றாலே வெளிதானே. தனி இழையில் எழுதுகிறேன்.