பண்டமெலிவு: ஷ்ரிங்க்ஃப்ளேஷனுக்கு ஒரு சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். விலையை மாற்றாமல் பொட்டலத்தின் அளவைக் குறைப்பதை ஆங்கிலத்தில் ஷ்ரிங்க்ஃப்ளேஷன் என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்று கேட்டு இந்த இழையில் இதுவரை வந்த சொற்களை எல்லாம் படித்துவிட்டேன். சிலவற்றை மேற்கோளாக எடுத்துப் பதில் எழுதுகிறேன். பாலக்கோட்டில் மேல்நிலை வகுப்புக்கு வணிகவியல் நடத்துகிறவன் என்பதால், பாடக்குறிப்பில் எழுதிப் பிள்ளைகள் வாயில் புழங்கக்கூடிய சொல் எனக்கு வேண்டும். அந்தத் தேவையிலிருந்துதான் பேசுகிறேன்.

> தேக்கவீக்கம் இருக்கிறதே, அதுபோல் 'சுருக்கவீக்கம்' என்று வைத்துவிடலாம்.

அமைப்பு அழகாக இருக்கிறது, ஆனால் பொருள் இடறுகிறது. தேக்கவீக்கம் (ஸ்டாக்ஃப்ளேஷன்) என்பது வளர்ச்சி தேங்கி நிற்க விலைவாசி ஏறுகிற, ஒரு நாட்டுப் பொருளாதாரத்தின் நிலை. நாம் பெயர் தேடுவதோ ஒரு பொட்டலத்துக்கு நடப்பதற்கு. விற்பவர் விலையை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே இருப்பதைக் குறைக்கிறார். 'வீக்கம்' என்று முடித்தால், பணவீக்கத்தில் இன்னொரு வகை என்று மாணவர் எடுத்துக்கொள்வார். அப்படித் தனி வகையாக யாரும் கணக்கிடுவதில்லை. நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணைக் கணக்கிடுகிறவர்கள் விலையை அளவோடு சேர்த்துத்தான் பார்க்கிறார்கள். எடை குறைந்தால் அங்கே அது விலையேற்றமாகவே பதிவாகும்.

> 'எடைமோசடி' என்றால் எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தவறாகப் புரியும். தராசில் கைவைப்பதுதான் எடைமோசடி. அது குற்றம். இங்கே புதிய எடை உறையிலேயே அச்சாகி இருக்கிறது. கோபம் எனக்கும் உண்டு, ஆனால் கலைச்சொல்லில் அதை ஏற்றக்கூடாது.

சரி, என் சொல் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். என் அக்கா பாப்பாரப்பட்டியில் மளிகைக்கடை வைத்திருக்கிறார். போன மாதம் கடையில் உட்கார்ந்திருந்தபோது ஒரு பாட்டி பேரனுக்குக் காரச்சேவு வாங்க வந்தார். பத்து ரூபாய்ப் பொட்டலத்தை உள்ளங்கையில் வைத்து இரண்டு முறை தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, இது மெலிஞ்சு போயிருக்குதே" என்றார். அக்கா உள்ளேயிருந்து பழைய சரக்கில் ஒன்றை எடுத்து வந்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அதே நிறம், அதே படம், உறையின் நீளம்கூட அதேதான். பழையதில் 40 கிராம், புதியதில் 32 கிராம். பின்பக்க மூலையில், படிக்கக் கண்ணாடி தேவைப்படும் எழுத்தில், ஒரு கிராமின் விலை: பழையதில் ரூ. 0.25, புதியதில் ரூ. 0.31. கண்ணாடி போட்டு நான் படித்துக் கண்டுபிடித்ததை அந்தப் பாட்டியின் கை முன்பே சொல்லிவிட்டது.

அந்த 'மெலிஞ்சு' என்ற சொல்லைத்தான் பிடித்துக்கொண்டேன். வீக்கத்துக்கு எதிர் மெலிவு. பணம் வீங்கினால் பணவீக்கம். அதே காசுக்குக் கிடைக்கும் பண்டம் மெலிந்தால் பண்டமெலிவு. இரண்டிலும் மகர ஈறு கெட்டுப் புணர்கிறது, ஓசையும் ஒத்துப்போகிறது. 'பண்டம் மெலிந்தது', 'பண்டத்தை மெலிவித்தார்கள்' என்று வினையாகவும் வளையும். அளவைத் தொடாமல் மூலப்பொருளை மட்டமாக்குவதற்கும் ஆங்கிலத்தில் தனிச்சொல் வந்துவிட்டது. அதற்கு 'தரமெலிவு' என்று இதே குடும்பத்தில் பெயர் வைக்கலாம்.

சொல்லோடு ஒரு விளக்கமும் போக வேண்டும். அந்தப் பொட்டலத்தில் எடை குறைந்தது 20 விழுக்காடு. ஆனால் ஒரு கிராமின் விலை ஏறியது 25 விழுக்காடு. பத்து ரூபாயை 40-ஆல் வகுத்துவிட்டு 32-ஆல் வகுத்துப் பாருங்கள். எடை பாதியானால் கிராம் விலை இரட்டிப்பு. ஆகவே பண்டமெலிவு என்பது எடைக்குறைவை மட்டும் குறிக்கட்டும். அதனால் வரும் ஏற்றத்தை, நண்பர் ஒருவர் முன்மொழிந்த 'மறைவிலையேற்றம்' என்ற சொல்லால் சொல்வோம். இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் தேர்வுத்தாளில் குழப்பம்தான்.

இந்த வழக்கம் ஏன் இவ்வளவு பரவியது என்றும் ஒருவர் கேட்டிருந்தார். நாணயம் ஒரு காரணம். 25 காசும் அதற்குக் கீழானவையும் 2011 ஜூன் 30-உடன் செல்லாமல் போயின. 50 காசு செல்லும் என்றாலும் கடையில் யாரும் வாங்குவதில்லை. ஐந்து ரூபாய்ப் பொட்டலத்தை ஐந்தே முக்காலுக்கு விற்க முடியாது, ஆறு ரூபாய் என்றால் பிள்ளை கையில் இருக்கும் ஒற்றை நாணயம் போதாது. கிராம் மட்டும் எப்படியும் நகரும். இன்னின்ன எடையில்தான் அடைக்க வேண்டும் என்று பிஸ்கட், தேயிலை, சமையல் எண்ணெய் போன்றவற்றுக்குச் சட்டமுறை எடையளவு விதிகளில் முன்பு ஓர் அட்டவணை இருந்தது. 2021-இல் செய்த திருத்தம் அதை நீக்கிவிட்டு, ஒரு கிராமுக்கு இவ்வளவு என்பது போன்ற அலகு விலையை அச்சிடச் சொன்னது. நான் பின்பக்கத்தில் படித்தது அதைத்தான். பிரான்சில் 2024 ஜூலை 1 முதல், மெலிந்த பண்டத்தின் பக்கத்திலேயே பெரிய கடைகள் இரண்டு மாதம் அறிவிப்பு வைக்க வேண்டும். இங்கும் அப்படி வந்தால் அந்த அட்டையில் எழுத ஒரு சொல் வேண்டுமே!

எங்கள் பாலக்கோட்டுச் சந்தையில் விற்கும் தக்காளியின் விலையேற்றத்தை இதில் சேர்க்க வேண்டாம். 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. பறிக்கிற கூலிகூடத் தேறாமல் சாலையோரம் கொட்டுகிற மாதங்களும் உண்டு. அங்கே கிலோ நிலையாக நிற்க விலை ஆடுகிறது.

> எங்கள் பக்கம் பண்டம்பாடி என்றால் ஆடுமாடு. 'பண்டமெலிவு' என்றால் மாடு இளைத்ததாக நினைப்பார்கள்.

நியாயமான பேச்சு, எங்கள் வீட்டிலும் அப்படித்தான் சொல்வோம். ஆனால் தின்பண்டம், பண்டமாற்று என்ற சொற்களும் அதே வீட்டில் புழங்குகின்றன. இடம் பார்த்துப் பொருள் கொள்வார்கள்.

என்னை உறுத்துவது திரவப் பொருள்தான். ஒரு லிட்டர் எண்ணெய்ப் பை 850 மில்லியானால் 'எண்ணெய் மெலிந்தது' என்று சொல்லலாமா, அல்லது கலப்படம் செய்து நீர்த்துப்போனதாகக் காதில் விழுமா? ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் கடை வைத்திருக்கும் நண்பர்கள், வாடிக்கையாளர் இதை என்ன சொல்லிக் கேட்கிறார்கள் என்று எழுதுங்கள்.