ஆணி அடிக்காமல் தஞ்சாவூர் ஓவியம் மாட்ட வழி உண்டா?

எல்லோருக்கும் வணக்கம். வாடகை வீடு. சுவரில் ஆணி இறங்கினால் அட்வான்ஸில் பிடித்துக்கொள்வேன் என்று வீட்டுக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார்.

குடும்ப போட்டோக்கள் லேசானவை. கர்ட்டன் ராடிலிருந்து தூண்டில் நரம்பில் தொங்கவிட்டுவிடுவேன். சிக்கல் அம்மா கொடுத்த தஞ்சாவூர் கிருஷ்ணர்தான். பலகை, தேக்குச் சட்டம், கண்ணாடி எல்லாம் சேர்ந்து நல்ல கனம். சுவரோ டிஸ்டெம்பர், கை பட்டாலே மாவாக ஒட்டுகிறது. ஒட்டும் கொக்கி பெயின்ட்டைப் பிடிக்கும், சுவரைப் பிடிக்காதே! தரையில் ஸ்டாண்ட் வைக்கலாமென்றால் வீட்டில் ஒரு வாண்டு இருக்கிறான்.

ஹாலில் சிமென்ட் லாஃப்ட் இருக்கிறது. அதன் விளிம்பில் கிளாம்ப் மாட்டி, சங்கிலியில் தொங்கவிட்டவர்கள் யாராவது உண்டா? எந்த மாதிரி கிளாம்ப், சென்னையில் எங்கே கிடைக்கும்? போட்டோ இருந்தால் போடுங்களேன்.