மறு: ‘ஆக்கிரமிப்பு’ – ஒரே சொல், மூன்று பொருள்

அனைவருக்கும் வணக்கம்.

ஒரு நாடு இன்னொரு நாட்டின் மேல் தானாகப் போய்ப் பலத்தைப் பயன்படுத்தும் குற்றத்துக்கு (ஆங்கிலத்தில் aggression) தமிழ்க் கலைச்சொல் தேடும் இந்த இழையில் வந்த மடல்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். இப்போது அதற்கு ‘ஆக்கிரமிப்பு’ என்றே எழுதுகிறோம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிக்கல் எனக்கு எங்கே தொடங்கியது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தக் குற்றச்செயலை வரையறுக்கும் ஐ.நா. பொதுச்சபையின் 3314ஆம் தீர்மானத்தை (1974 டிசம்பர் 14) தமிழாக்கிக்கொண்டிருந்தேன். அதன் மூன்றாம் பிரிவு இதில் அடங்கும் ஏழு வகைச் செயல்களை அடுக்குகிறது. முதல் வகையிலேயே மாட்டிக்கொண்டேன். ஒரு நாட்டின் படை இன்னொரு நாட்டுக்குள் புகுவது அல்லது அதைத் தாக்குவது, அதன் விளைவாக அந்த நிலத்தைச் சிறிது காலமேனும் படையின் பிடியில் வைத்திருப்பது, பலத்தால் தன்னோடு சேர்த்துக்கொள்வது என்று மூன்றும் அதில் வருகின்றன. நம் செய்தித்தாள் தமிழில் எழுதினால் “ஆக்கிரமிப்பால் விளையும் ஆக்கிரமிப்பும் ஆக்கிரமிப்பே” என்று வந்து நிற்கிறது. ஏரி ஆக்கிரமிப்பு, நடைபாதை ஆக்கிரமிப்பு வேறு இருக்கின்றன.

> பழகிய சொல் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு? இடம் பார்த்துப் புரிந்துகொள்ள மாட்டார்களா?

புரிந்துகொள்ள முடியாது என்பதே என் அனுபவம். ஒரு படை அயல்நிலத்தைப் பிடித்து வைத்திருக்கும் நிலைக்குத் தனிச் சட்டம் உண்டு. 1907 ஹேக் விதிகளின் 42ஆம் பிரிவு, பகைப்படையின் அதிகாரத்துக்குள் உண்மையிலேயே வந்துவிட்ட நிலத்தைத்தான் அப்படிப் பிடித்து வைத்திருக்கும் நிலமாகக் கொள்ள வேண்டும் என்கிறது. 1949இன் நான்காம் ஜெனீவா உடன்படிக்கை, பிடித்து வைத்திருப்பவர் அங்குள்ள மக்களுக்கு உணவும் மருந்தும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்கிறது. பிடித்தது நியாயமா இல்லையா என்ற கேள்விக்குள் இந்தச் சட்டம் போவதில்லை. 1945இல் நேச நாடுகள் ஜெர்மனியைத் தம் பிடியில் வைத்திருந்தன. போரைத் தொடங்கியவர்கள் அவர்கள் அல்ல. அந்த நிலையையும், போலந்துக்குள் ஹிட்லரின் படை புகுந்ததையும் ஒரே சொல்லால் எழுதினால், குற்றம் செய்தவரும் கடமை உடையவரும் ஒருவராகிவிடுகிறார்கள்.

சொல்லின் வேரைப் பார்த்தால் வருத்தமாகவும் இருக்கிறது. வடமொழியில் ‘ஆக்ரம’ என்பதன் அடி, காலடி எடுத்து வைப்பது. மேலைமொழிகள் இந்தக் குற்றத்துக்கு வைத்திருக்கும் சொல்லின் லத்தீன் வேருக்கும் அதே பொருள்தான்: ஒருவரை நோக்கி அடி எடுத்து வைத்தல். இந்தியில் இன்றும் ‘ஆக்ரமண்’ என்றால் தாக்க வருவதுதான். தமிழில் அது கால் வைப்பதிலிருந்து உட்கார்ந்துகொள்வதற்கு நகர்ந்துவிட்டது. இனி இழுத்து வர முடியாது. உட்கார்ந்த பொருளையே அதற்குக் கொடுத்துவிட்டு, குற்றத்துக்கு வேறு சொல் தேடுவோம்.

அடுத்து, பலரும் விரும்பிய ‘வலியப்போர்’. எனக்கும் முதலில் பிடித்திருந்தது. ஆனால் இந்தச் சொல்லுக்குள் ‘போர்’ வரக் கூடாது என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன். அதற்குக் காரணம் வரலாற்றில் இருக்கிறது.

1625இல் டச்சுச் சட்ட அறிஞர் குரோட்டியஸ் போர், அமைதிச் சட்டம் பற்றிய தம் பெருநூலை வெளியிட்டபோது, போருக்கு நியாயமான காரணம் வேண்டும் என்ற பேச்சாவது இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் அதுவும் தேய்ந்தது. போர் தொடுப்பது இறையாண்மையுள்ள அரசின் உரிமை என்றாகிவிட்டது. 1907 ஹேக் மாநாட்டின் மூன்றாம் உடன்படிக்கை, முன்கூட்டியே அறிவித்துவிட்டுச் சண்டையைத் தொடங்கு என்பதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. சொல்லிவிட்டு அடி, அவ்வளவுதான். 1928 ஆகஸ்ட் 27 அன்று பாரிஸில் 15 நாடுகள் கெலாக்–பிரியான் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த இந்தியாவின் பெயரிலும் ஒரு கையெழுத்து உண்டு. நாட்டின் கொள்கைக் கருவியாகப் ‘போரை’க் கைவிடுகிறோம் என்றார்கள். ஜப்பானும் கையெழுத்திட்டது. மூன்றே ஆண்டில், 1931 செப்டம்பரில், அதன் படை சீனாவின் வடகிழக்கிலுள்ள மஞ்சூரியாவைப் பிடிக்கத் தொடங்கியது. ஜப்பான் போர் அறிவிக்கவில்லை. ‘மஞ்சூரிய நிகழ்வு’ என்று பெயர் வைத்தது. 1937இல் சீனா முழுதும் பற்றி எரிந்தபோது அதுவும் ‘சீன நிகழ்வு’. லட்சக்கணக்கில் மனிதர்கள் செத்துக்கொண்டிருக்க, காகிதத்தில் போர் இல்லை.

ஐ.நா. சாசனம் எழுதியவர்கள் இந்த ஓட்டையைப் பார்த்தவர்கள். அதனால்தான் 2(4)ஆம் பிரிவு போரைத் தடை செய்யாமல், பலத்தைப் பயன்படுத்துவதையும் பயன்படுத்துவேன் என்று மிரட்டுவதையும் தடை செய்கிறது. இவ்வளவு விலை கொடுத்து வெளியேற்றிய சொல்லை நாம் கலைச்சொல்லுக்குள் திரும்பக் கூட்டி வர வேண்டாம். இன்னொரு இடரும் உண்டு: ‘வலியப்போர்க் குற்றம்’ என்று எழுதினால் கடைசிப் பாதி ‘போர்க்குற்றம்’ என்று நிற்கும். அது சட்டத்தில் வேறு குற்றம். கைதியைக் கொல்லும் படைவீரரும் போர்க்குற்றவாளி ஆகலாம். நாம் பெயர் தேடும் குற்றத்தையோ, ஒரு நாட்டின் அரசியல், படை நடவடிக்கைகளைக் கட்டுப்படுத்தும் நிலையில் இருப்பவர்தான் செய்ய முடியும்.

இன்னொரு பரிந்துரையான ‘வலிந்த தாக்குதல்’ பற்றி இலங்கை நண்பர் சொன்னது சரி. ஈழத்துப் போர்ச் செய்திகளில் அதற்குக் களத்தில் முன்னேறித் தாக்குவது என்ற பொருள் ஊறிவிட்டது. தற்காப்புக்காகப் போரிடும் நாடும் அப்படித் தாக்கலாம். மேலும், சாசனத்தின் 51ஆம் பிரிவு தற்காப்பு உரிமையை ‘ஆயுதத் தாக்குதல்’ நேர்ந்தால் என்ற நிபந்தனையோடு தருகிறது. ஆங்கில வாசகம் அங்கே தாக்குதல் என்கிறது. பிரெஞ்சு வாசகமோ நாம் தமிழ் தேடும் சொல்லையே (agression) போட்டிருக்கிறது. இரண்டும் சம அதிகாரம் உள்ளவை! அவர்களுக்கே வந்த குழப்பத்தை நாமும் வாங்கிக்கொள்ள வேண்டாம். ‘தாக்குதல்’ அந்தப் பிரிவுக்கே இருக்கட்டும்.

பழந்தமிழ்ப் போர்ப் பாடல் வகைகளில் ஒன்றான ‘வஞ்சி’யை முன்வைத்த அம்மாவின் மடலை இரண்டு முறை படித்தேன். பகைவர்மேல் செல்வது வஞ்சி, அஞ்சாமல் எதிரூன்றுவது காஞ்சி. குற்றமும் தற்காப்பும் இணையாக நிற்பது உண்மையிலேயே அழகு. ஆனால் மண்ணாசையால் மேற்செல்லும் வேந்தனை வஞ்சி பாடிப் போற்றினார்கள். புகழின் பெயரைக் குற்றத்துக்கு வைக்க என் கை வரவில்லை. வஞ்சித்தல் என்று படிப்பவர்களும் இருப்பார்கள்.

சரி, என் பரிந்துரை: வலுவினை.

“வந்த சண்டையை விடமாட்டேன், வலுச்சண்டைக்குப் போகமாட்டேன்” என்று ஊரில் சொல்கிறோம். இந்த ‘வலு’வுக்கு இங்கே பலம் என்று பொருளில்லை, எதிராளி ஒன்றும் செய்யாதபோது தானாகப் போய் இழுப்பது. ‘வினை’ செயலையும் குறிக்கும், பழைய வழக்கில் போர்த்தொழிலையும் குறிக்கும். துறைமுகத்தை முற்றுகையிட்டாலும், கூலிப்படையை ஏவினாலும், எல்லை தாண்டாமல் குண்டு வீசினாலும் பொருந்தும். ‘படையெடுப்பு’ இவற்றுக்குப் பொருந்தாது. ‘அத்துமீறல்’ மிகச் சிறியது.

பக்தி இலக்கியத்தில் கொடிய தீவினையைக் குறிக்கும் ‘வல்வினை’யோடு குழம்பும் என்ற எதிர்ப்பு வரும். வரட்டும். தனக்குள் மற்றக் கேடுகள் அனைத்தையும் திரட்டி வைத்திருக்கும் தலையாய குற்றம் என்றுதான் 1946இல் நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரம்பெர்க் தீர்ப்பாயத்தின் தீர்ப்பு இந்தக் குற்றத்தைச் சொன்னது. அந்தச் சாயல் விழுந்தால் எனக்குச் சம்மதமே.

வரையறையும் சொல்லும் ஏன் கறாராக இருக்க வேண்டும் என்பதற்கு போருக்குப் பின் ஜப்பானியத் தலைவர்களை விசாரித்த டோக்கியோ தீர்ப்பாயத்தில் இந்திய நீதிபதி ராதாபினோத் பால் 1948இல் எழுதிய மாறுபட்ட தீர்ப்பைப் பாருங்கள். குற்றம் சாட்டப்பட்ட எல்லோரையும் விடுவிக்கச் சொன்னார். அன்றைய பன்னாட்டுச் சட்டத்தில் இது குற்றமே இல்லை, இதற்கு ஒப்புக்கொண்ட வரையறையும் இல்லை என்பது அவர் வாதங்களில் முக்கியமானது. அவர் முடிவை நான் ஏற்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி நேர்மையானது. பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்துக்கான வரையறை 2010இல் கம்பாலாவில்தான் முடிவானது. 2018 ஜூலை 17 முதல்தான் அதை வைத்து வழக்கு நடத்த வழி பிறந்தது.

இனி எழுதிப் பார்க்கிறேன். நாடு செய்வது வலுவினை. அது முழுப்போராக நடந்தால் வலுவினைப் போர். அதற்காகத் தலைவர் கூண்டில் ஏறுவது வலுவினைக் குற்றத்துக்காக. என்னை மாட்டிவிட்ட அந்த வாக்கியம் இப்படி வருகிறது: “படையெடுப்பும், அதனால் விளையும் ஆக்கிரமிப்பும், பலத்தால் செய்யும் நில இணைப்பும் வலுவினையே.”

சட்டத்துறையில் இருப்பவர்கள், குறிப்பாக இலங்கையில் தமிழில் சட்டம் படித்தவர்கள், இதை ஒருமுறை சத்தமாக வாசித்துப் பார்த்துச் சொல்லுங்கள். அப்புறம் நம் கலைச்சொல் பட்டியலில் சேர்க்கலாம்.

அன்புடன்.