குடும்பத்துக்கு ஒரு லேப்டாப்: பழுதானால் சரிசெய்ய முடிய வேண்டும், எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி

வணக்கம். எங்கள் வீட்டில் ஐந்து பேருக்கும் ஒரே லேப்டாப். மகளுக்கு ஆன்லைன் வகுப்பு, மகனுக்கு ப்ராஜெக்ட், கணவருக்குக் கணக்கு வேலை, மாமியாருக்கு ராத்திரி வீடியோ கால். போன மாதம் திறக்கும்போது இடது பக்கக் கீல் 'டக்' என்றது. பார்த்தால் பிளாஸ்டிக் பிளந்து, ஸ்க்ரூ பிடித்திருந்த சின்னப் பித்தளை நட்டு வெளியே வந்து கிடந்தது. வாங்கிப் பதினோரு மாதம்தான். யாரும் கீழே போடவில்லை. சர்வீஸ் சென்டரில் "பிசிக்கல் டேமேஜ், வாரண்டியில் வராது" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மனதுக்கு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது.

புதிது வாங்கியே ஆக வேண்டும். ரேம், ப்ராசஸர் பற்றி எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு வேண்டியது வேறு. ஐந்து வருடம் ஓட வேண்டும், ஏதாவது போனால் சரிசெய்ய முடிய வேண்டும். அதற்கு எதைப் பார்ப்பது? பணம் கட்டி வாரண்டியை நீட்டிக்கலாமா?

பதில் 1

லேப்டாப் பழுது பார்ப்பதுதான் என் தொழில். கீல் உடைந்து என் மேசைக்கு வருபவை நிறைய. கீல் இறுகிப்போனால், திரையைத் திறக்கிற விசை முழுக்க அந்தப் பித்தளை நட்டுகளில் போய் விழும். அவை வெறும் பிளாஸ்டிக்கில் பதித்தவை. ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கினால் பாரம் ஒரே பக்கம் ஏறும். திரையின் மேல் விளிம்பை நடுவில் பிடித்துத் திறக்க எல்லாரையும் பழக்குங்கள். கீல் பக்கத்தில் மூடி லேசாக விலகினாலும் உடனே காட்டிவிடுங்கள்.

வாங்கும்போது, எது முதலில் போகும் என்று யோசியுங்கள்: பேட்டரி, கீபோர்டு, சார்ஜிங் பின், கீல். ரேம் கெட்டு வருவது இவற்றைவிடக் குறைவு. நான் முதலில் பார்ப்பது கீபோர்டைத்தான். சில மாடல்களில் அது ஸ்க்ரூவில் நிற்கும், தனியாகக் கழற்றலாம். பல மாடல்களில் மேல்மூடியில் (திரை அல்ல, கீபோர்டைச் சுற்றி நாம் கை வைக்கும் பகுதி) உள்ள பிளாஸ்டிக் முளைகளை உருக்கி அதோடு சேர்த்துவிட்டிருப்பார்கள். நாலு கீ வேலை செய்யாவிட்டாலும் மேல்மூடியையே மாற்றச் சொல்வார்கள். உருண்டை சார்ஜிங் பின் பல மாடல்களில் தனி ஒயரோடு இருக்கும், மாற்றுவது சுலபம். டைப்-சி போர்ட் பெரும்பாலும் மதர்போர்டிலேயே (உள்ளே இருக்கும் முக்கிய சர்க்யூட் பலகை) சால்டர் செய்தது, அதாவது பற்றவைத்தது, சுலபமாகக் கழற்ற முடியாது. அதனால் சார்ஜ் ஏறுகிற போர்ட் இரண்டாக இருந்தால் நல்லது.

இதெல்லாம் விளம்பரத்தில் இருக்காது. லெனோவா, டெல், எச்பி நிறுவனங்கள் பல மாடல்களுக்கான சர்வீஸ் மேனுவலை (எப்படிக் கழற்றி மாட்டுவது என்று காட்டும் கையேடு) தங்கள் தளத்திலேயே இலவசமாகப் போட்டிருக்கின்றன. மாடல் பெயரோடு தேடி, கீபோர்டு கழற்றும் பக்கத்தைப் பாருங்கள். பிரான்சில் 2021 முதல் லேப்டாப்புக்குப் பத்துக்கு எத்தனை என்று பழுதுபார்ப்பு மதிப்பெண் காட்ட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அதே மாடல் அங்கே விற்றால் அந்த எண்ணும் கிடைக்கும்.

பதில் 2

நான் அலுவலகத்துக்கு லேப்டாப் வாங்கிக் கொடுப்பவன். வாரண்டி எத்தனை வருடம் என்பதைவிட, எந்த மாதிரி வாரண்டி என்று கேளுங்கள். கேரி-இன் என்றால் நீங்கள் தூக்கிக்கொண்டு போக வேண்டும், சரியாகும்வரை வீட்டில் லேப்டாப் இருக்காது. ஆன்சைட் என்றால் ஆள் வீட்டுக்கு வருவார். ஒரே லேப்டாப்பை நம்பியிருக்கும் வீட்டுக்கு இந்த வித்தியாசம் பெரியது.

மூன்று வருட வாரண்டி என்று போட்டிருந்தாலும் பேட்டரிக்குப் பெரும்பாலும் ஒரு வருடம்தான். தண்ணீர் கொட்டுவது, கீழே விழுவது எதுவும் சாதாரண வாரண்டியில் வராது. ஆக்சிடென்டல் டேமேஜ் என்று தனியாக எடுக்க வேண்டும். நீட்டிப்புக்குப் பணம் கட்டுவதானால் என் கருத்து: தயாரிப்பாளரிடமே கட்டுங்கள், விற்பவர் தரும் தனித் திட்டம் வேண்டாம். கட்டியதும் சீரியல் நம்பரைத் தயாரிப்பாளர் தளத்தில் போட்டு, ஏறிவிட்டதா என்று பார்த்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. இரண்டு மாடல் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்றில் ரேம் 16 ஜிபி, சால்டர் செய்தது. ஆனால் மேனுவலில் கீபோர்டு தனியாகக் கழல்கிறது, ஆன்சைட்டும் உண்டு. இன்னொன்றில் ரேமுக்கு இரண்டு ஸ்லாட், ஆனால் கீபோர்டு மேல்மூடியோடு சேர்ந்தது, கேரி-இன். எது சரி?

பதில் 1

உங்கள் வீட்டு வேலைக்கு 16 ஜிபி தாராளம். முதலாவதை எடுங்கள். எஸ்எஸ்டி (தகவலைச் சேமிக்கும் பாகம்) மட்டும் கழற்றக்கூடியதா, எம்.2 (ஸ்லாட்டில் கழற்றி மாட்டும் வகை) என்று போட்டிருக்கிறதா பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் கைபடும் இடம், ஆக்சிடென்டல் டேமேஜும் சேருங்கள்.

பதில் 3

இன்னொரு முக்கியமான விஷயம். விண்டோஸ் 11-இல் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்ளே போனால் பெரும்பாலும் டிஸ்க் தானாகவே என்க்ரிப்ட் ஆகிவிடும், அதாவது கீ இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி பூட்டிக்கொள்ளும். மதர்போர்டு மாற்றினால் 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். அது முதலில் யார் கணக்கில் லேப்டாப்பை செட் பண்ணினீர்களோ அவருடைய கணக்கில் இருக்கும். எங்கள் வீட்டில் அது தம்பியின் பழைய கணக்கு, அதன் பாஸ்வேர்டு யாருக்கும் தெரியவில்லை. அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாணப் படங்கள் அதில்தான் இருந்தன. திரும்பக் கிடைக்கவே இல்லை. உள்ளே இருக்கும் தகவலுக்கு எந்த வாரண்டியும் பொறுப்பேற்காது. சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் வெளி ஹார்டு டிஸ்கில் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

படித்ததும் நெஞ்சு பதறியது. முதல் மாடலையே வாங்கிவிட்டோம். என் கணக்கில் செட் பண்ணி, கீயைக் காகிதத்தில் எழுதி பில்லோடு வைத்துவிட்டேன். அப்புறம் சீரியல் நம்பரைப் போட்டுப் பார்த்தால், நாங்கள் வாங்கிய தேதிக்கு இரண்டு மாதம் முன்பே வாரண்டி தொடங்கியதாகக் காட்டியது. பில்லைப் படம் எடுத்துத் தயாரிப்பாளருக்கு அனுப்பினேன். நான்கு நாளில் தேதியைத் திருத்திவிட்டார்கள்.