பேச்சடுக்கு: ஜாவா மொழியின் ஙொக்கோ, க்ரோமோவுக்கு ஒரு சொல்

ஐயா, வணக்கம்.

இந்தோனேசியாவின் ஜாவா மொழி பற்றிய கட்டுரையில், ஙொக்கோ (சாதாரணப் பேச்சு), க்ரோமோ (பணிவான பேச்சு) என்பவற்றுக்கு 'மரியாதை நிலை' என்ற சொல்லைச் சொல்லியிருந்தீர்கள். படித்ததும் பிடித்தது. எடுத்துக்காட்டுகளோடு பொருத்திப் பார்த்தபோதுதான் இடிக்கிறது.

மரியாதை என்றதும் நமக்கு 'அவர் வந்தார்' நினைவுக்கு வரும். அதில் நாம் உயர்த்துவது பேசப்படுகிற ஆளை. ஜாவா மொழியில் ஙொக்கோ, க்ரோமோ என்று மாறுவது கேட்கிற ஆளைப் பொறுத்தது. சுட்டுச் சொற்களைப் பார்த்தால் பளிச்சென்று தெரியும். கல்லைக் காட்டித் தோழனிடம் 'வத்து இக்கி' (இந்தக் கல்) என்பவர், ஆசிரியரிடம் 'சேலோ புனிக்கோ' என்பார். கல்லை யாரும் உயர்த்தவில்லை. கேட்பவர் மாறினார், சொல்லும் மாறிவிட்டது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஙொக்கோவில் இக்கி, குவி, கயே என்று அருகே, நடுவே, தொலைவில் என மூன்று தூரம். நடுவிலுள்ள மத்யோவில் நிக்கி, நிக்கு, நிக்கோ, அங்கும் மூன்றுதான். முறையான க்ரோமோவுக்குப் போனால் மூன்றுக்கும் ஒரே 'புனிக்கோ'. பணிவு கூடக் கூட, விரல் நீட்டிக் காட்டும் கூர்மை போய்விடுகிறது. எனக்கு இந்த மொழியில் மிகவும் பிடித்த இடம் இது.

அப்படியானால் ஆளை உயர்த்துவது இல்லையா? இருக்கிறது, அது தனிக் கணக்கு. 'அப்பா இன்னும் சாப்பிடவில்லை' என்பதை அண்ணன் தம்பிக்குள் 'பாப்பாக் துருங் டஹர்' என்பார்கள். ஆசிரியரிடம் 'பாப்பாக் தெரெங் டஹர்'. கேட்பவருக்காகத் துருங் ('இன்னும் இல்லை') தெரெங் ஆனது. அப்பாவுக்கான டஹர் ('சாப்பிடு') இரண்டிலும் அப்படியே நிற்கிறது. தன்னைப் பற்றிச் சொல்லும்போது டஹர் வராது, 'குலோ தெரெங் நெடோ' (நான் இன்னும் சாப்பிடவில்லை) என்பதே முறை. இரண்டையும் மரியாதை என்ற ஒரே சொல்லில் அடைத்தால் வாசகர் குழம்பிப்போவார்.

ஆகவே ஙொக்கோ, மத்யோ, க்ரோமோ மூன்றுக்கும் 'பேச்சடுக்கு' என்கிறேன். டஹர் போன்றவை (க்ரோமோ இங்கில்) 'உயர்த்துசொல்'. தன்னைப் பணித்துச் சொல்பவை 'தாழ்த்துசொல்'. க்ரோமோவும் நம் கிரமமும் ஒரே வடசொல்லிலிருந்து வந்தவை என்பதால் 'கிரமம்' என்றே வைக்கலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். ஆனால் தமிழில் 'கிரமமாக' என்றால் ஒழுங்காக, தவறாமல் என்றுதான் படும்.

சுட்டுக்குப் புதுச் சொல்லே வேண்டாம். 'அ இ உ அம்மூன்றும் சுட்டு' என்கிறது தொல்காப்பியம். யாழ்ப்பாணத்தில் 'உது' (இதுவுக்கும் அதுவுக்கும் நடுவிலுள்ளது) இன்றும் நாவில் இருக்கிறது. இக்கி இது, குவி உது, கயே அது என்று நேராகவே எழுதிவிடலாம். தமிழ்நாட்டு வாசகருக்கு 'உது' முதலில் புதிதாக இருக்கும், பரவாயில்லை, ஒரு வரி விளக்கம் போதும்.

புனிக்கோதான் பாக்கி. இப்போதைக்குப் 'பொதுச்சுட்டு' என்று எழுதி வைத்திருக்கிறேன். தூரம் காட்டாத சுட்டு என்ற பொருள் அதில் வருகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.