ஃபார்முலா வீ: முன் சக்கர பேரிங் போய்விட்டதா?

கேள்வி: பழைய ஃபார்முலா வீ ரேஸ் கார். வளைவில் இடது முன் சக்கரத்தில் கரகர சத்தம். ஜாக்கி போட்டு, மேலும் கீழும் பிடித்து அசைத்தால் ஆட்டமும் தெரிகிறது. பேரிங்தானா அண்ணா?

பதில்: அவசரப்பட்டுக் கழற்றாதீர்கள் தம்பி. ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி அசைத்துப் பாருங்கள். ஆட்டம் நின்றால் பேரிங். நிற்காவிட்டால் கிங் பின் (சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சு), லிங்க் பின் (அதை சஸ்பென்ஷன் கைகளோடு இணைக்கும் ஊசி) பக்கம் பாருங்கள். இந்த முன் ஆக்சில் வோக்ஸ்வாகன் பீட்டிலுடையது. பேரிங்கைப் பிடித்திருக்கும் இடது பக்க நட்டுக்கு இடது மரை. கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். தெரியாமல் எதிர்ப்பக்கம் இழுத்து நல்ல ஸ்பிண்டிலைக் (சக்கரம் சுழலும் அச்சு) கெடுப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். அப்புறம், ரோலரை மட்டும் மாற்றாதீர்கள். பிரேக் டிரம்முக்குள் இருக்கும் பேரிங்கின் வெளிவளையத்தையும் சேர்த்தே மாற்றுங்கள்.

கேள்வி: மிதித்ததும் ஆட்டம் போய்விட்டது. பேரிங் டேப்பர் ரோலர் (கூம்பு உருளை) வகை. எவ்வளவு இறுக்குவது?

பதில்: சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இறுக்கி, பேரிங் நன்றாக உட்கார்ந்ததும் தளர்த்துங்கள். உள்ளே வெளியே ஆட்டம் 0.03 முதல் 0.12 மி.மீ. வரை இருக்கலாம்.

இன்னொருவர்: இந்த ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் இல்லையா? நட்டுக்கு அடியில் உள்ள வாஷரை ஸ்க்ரூடிரைவர் நுனியால் தள்ளினால் லேசாக நகர வேண்டும். கிரீஸ் கசியாமல் தடுக்கும் சீலும் புதிதாகவே போடுங்கள்.