மஹிந்திரா தார் வண்டிக்கு அடியில் ரப்பர் கோட்டிங் அடிக்கலாமா? கடலோர வண்டிக்காரர்கள் வரவும்

தொண்டிக்காரன்
புது தார் ஃபோர் பை ஃபோர் எடுத்திருக்கிறேன். வீடு தொண்டியில், கடல் கூப்பிடு தூரம். தொழில் விஷயமாக மண்டபம், தனுஷ்கோடிப் பக்கம் அடிக்கடி போக வேண்டும். கரைவலை இழுக்கும் இடம் வரை வண்டியை இறக்க வேண்டி வரும், ஈர மணலும் சில நாள் அலைத் தண்ணீரும் அடியில் படும். வண்டி வாங்கிய இடத்தில் அண்டர்பாடி கோட்டிங்குக்கு எட்டாயிரம் கேட்கிறார்கள். கறுப்பாக ரப்பர் மாதிரி ஒன்றை அடிப்பார்களாம், ஐந்து வருஷம் கவலையே இல்லையாம். எங்கள் மாமாவோ, "காசைக் கரியாக்காதே, வாரம் ஒரு வாட்டர் வாஷ் விட்டால் போதும்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

தூத்துக்குடிப் பட்டறை
யோசிக்காமல் அடித்துவிடுங்கள் தம்பி. என் பட்டறைக்கு வருவதில் பாதி உப்பள லாரி, மீதி மீன் வண்டி. மீன் ஏற்றும் பிக்கப்பில் ஐஸ் உருகி, உப்பும் செதிலும் கலந்த தண்ணீர் ராத்திரி முழுக்கச் சேசிஸ் மேல் சொட்டிக்கொண்டே இருக்கும். வெறும் ரெட் ஆக்சைடு அடித்த வண்டியையும் ரப்பர் அடித்த வண்டியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் காட்டட்டுமா? சக்கரத்துக்கு மேலே வளைந்திருக்கும் வீல் ஆர்ச்சில் கல் தெறித்துப் பெயின்ட் பெயர்ந்த இடத்தில்தான் துரு முதலில் பிடிக்கும். ரப்பர் இருந்தால் அந்தக் கல்லடி இரும்புக்குப் போகாது. வாட்டர் வாஷ் மட்டும் போதும் என்பவர் கடலோரத்தில் வண்டி வைத்திருக்க மாட்டார்.

மின்வேதி
கல்லடிக்கு ரப்பர் நல்லது, அதில் சண்டை இல்லை. ஆனால் தொண்டிக்காரர் கேட்பது உப்பைப் பற்றி. உப்பு வண்டியைத் தின்னும் இடம் வேறு.

உங்கள் வண்டி லேடர் சேசிஸ். இரண்டு நீளப் பெட்டிக் குழல், நடுவில் குறுக்குச் சட்டங்கள். அந்தக் குழல்களில் தண்ணீர் வடிய ஓட்டைகள் உண்டு. வடியும் ஓட்டை வழியாகத்தான் கடல் தண்ணீரும் மணலும் உள்ளேயும் போகும். உள்ளே போன மணல் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே கிடக்கும். துரு உள்ளிருந்து வெளியே வருகிறது. வெளியில் கறுப்பு ரப்பர் பளபளவென்று இருக்கும், ஸ்க்ரூடிரைவரால் தட்டினால் உள்ளே இறங்கும்.

இன்னொன்று, உப்பு காய்ந்துவிட்டது என்று நாம் நினைப்பதே தப்பு. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினாலே தானாக நீர்த்துவிடும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. அதற்கு 33 சதவீதமே போதும். தொண்டியில் எந்த ராத்திரி அதற்குக் கீழே இறங்கும்? ஷெட்டில் மழை படாமல் நிறுத்தினாலும் அடிப்பக்கம் நனைந்தேதான் இருக்கிறது. இந்த நிலையில் ரப்பரில் ஒரு விரிசல் விழுந்தால், உப்புத் தண்ணீர் அதற்கும் இரும்புக்கும் நடுவில் நுழைந்து உட்கார்ந்துவிடும். மேலே இருந்து கழுவினாலும் அங்கே போய்ச் சேராது. குழலுக்குள் அடிக்க மெழுகுதான் சரி.

தூத்துக்குடிப் பட்டறை
சார், படித்தவர் மாதிரி தெரிகிறது, ஒரு கேள்வி. பாம்பனில் 2025-இல் திறந்த புது ரயில் பாலத்துக்கு என்ன மெழுகா தடவினார்கள்? கெட்டியான பாலிசிலாக்சேன் பெயின்ட்தானே? சுற்றிலும் கடல் இருக்கும் பாலத்துக்குக் கடினப் பூச்சு சரி என்றால் என் வண்டிக்கு ஏன் ஆகாது?

மின்வேதி
நல்ல கேள்வி அண்ணே. பாலத்தை வெறும் இரும்பாக இருக்கும்போதே சுத்தம் செய்து, அடுக்கடுக்காகப் பூசி, பிறகு நிறுத்துகிறார்கள். மூட்டுகளையும் முழுக்க வெல்டிங் செய்திருக்கிறார்கள், தண்ணீர் போய் ஒளிய இடுக்கு கிடையாது. வண்டியில் தகடு மேல் தகடு வைத்துப் புள்ளி வெல்டிங் அடித்திருக்கும். அந்த இடுக்குக்குள் எந்த ரப்பர் போகும்? அதுவும் ஓட ஆரம்பித்துவிட்ட வண்டியில் அடிப்பவன், முதலில் உப்பைக் கழுவி, காயவிட்டு, எண்ணெய்ப் பசை எடுத்துவிட்டா அடிக்கிறான்? காலையில் விட்டால் மதியம் எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். உப்பை உள்ளே வைத்துத் தைத்துவிடுகிற வேலை அது.

சேசிஸ் துருவை லேசாக நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். அமெரிக்காவில் டகோமா, டன்ட்ரா, செகோயா வண்டிகளின் சேசிஸ் துருப்பிடித்து ஓட்டை விழுந்த வழக்கில், 2016-இல் டொயோட்டா சமரசத்துக்கு வந்தது. ஏறக்குறைய 15 லட்சம் வண்டி, மதிப்பீடு 340 கோடி டாலர் வரை. அதெல்லாம் நம் தார் மாதிரியே லேடர் சேசிஸ் வண்டிகள்.

தூத்துக்குடிப் பட்டறை
அங்கே பனி உருக ரோட்டிலேயே உப்பைக் கொட்டுகிறார்கள். அந்தக் கதை வேறு. சுத்தம் செய்யாமல் அடிக்கும் பட்டறைகள் இருக்கின்றன, ஒத்துக்கொள்கிறேன். அது வேலை செய்பவன் மேல் உள்ள குற்றம், ரப்பர் மேல் உள்ள குற்றம் இல்லை.

பிரிஸ்பேன் ராசா
இங்கே குவீன்ஸ்லாந்தில் கடற்கரையில் ஓட்டுவது ஒரு பொழுதுபோக்கு. கரி தீவில், முன்பு ஃப்ரேசர் தீவு என்றார்களே, அங்கே 75 மைல் பீச் என்ற மணல்கரையே சட்டப்படி ரோடு, வேக வரம்பு மணிக்கு 80 கிலோமீட்டர். அங்கே ஓட்டும் பலர் ரப்பர் அடிப்பதில்லை. ஆட்டு ரோமத்தில் இருந்து எடுக்கும் லனோலின் கொழுப்பைத்தான் அடிக்கிறார்கள். அது காய்ந்து இறுகாது, அதனால் விரிசலும் விடாது. கீறல் விழுந்தால் பக்கத்தில் இருப்பது மெல்ல நகர்ந்து மூடிக்கொள்ளும். சேசிஸ் குழலுக்குள் நீளக் குழாய் விட்டு அடிக்கலாம், இடுக்குக்குள் தானே ஊறிப் போகும். உள்ளே துரு இருந்தால் கண்ணுக்கும் தெரியும். ரப்பரில் அது நடக்காது.

குறை என்ன என்றால், வாடை. முதல் வாரம் ஆட்டுத் தொழுவத்தில் வண்டி நிறுத்திய மாதிரி இருக்கும். தூசி ஒட்டும். பிரஷர் வாஷ் அடித்தால் கழன்று போகும், வருஷம் ஒரு தரமாவது திரும்ப அடிக்க வேண்டும்.

தூத்துக்குடிப் பட்டறை
வருஷா வருஷமா! சித்திரை வெயிலில் எங்கள் ஊர் தார் ரோட்டுச் சூட்டுக்கு அந்தக் கொழுப்பு நிற்குமா தம்பி? மத்தியானத்துக்குள் சொட்டி ரோட்டில் கிடக்கும்.

ஈசியார் ஜிம்னி
இவ்வளவு சிரமம் எதற்கு? பேட்டரியில் இணைக்கும் எலக்ட்ரானிக் கருவி வந்திருக்கிறது. சின்ன கரன்ட் விட்டுத் துருவே பிடிக்காமல் செய்கிறதாம். கப்பலுக்கு இதே நுட்பம்தான். ஆன்லைனில் ஆர்டர் போட்டாயிற்று.

மின்வேதி
திருப்பி அனுப்ப முடிந்தால் அனுப்பிவிடுங்கள். கப்பலின் அடிப்பாகம் முழுக்கக் கடலுக்குள் இருக்கிறது. நேர்மின்முனையில் இருந்து கிளம்பும் கரன்ட் கடல்நீர் வழியாக இரும்புக்கு வந்து சேர்கிறது. அப்படி ஒரு முழுச் சுற்று அமைந்தால்தான் பாதுகாப்பு. மண்ணுக்குள் புதைத்த குழாய்க்கும் ஈர மண் அந்த வேலையைச் செய்கிறது. உங்கள் ஜிம்னி நிற்பது காற்றில். அங்கங்கே ஒரு சொட்டு ஈரம், நடுவில் வறண்ட பெயின்ட். கரன்ட் எதன் வழியாகப் போகும்? இந்த மாதிரிக் கருவியை விற்றவர்கள் மேல் அமெரிக்க வர்த்தக ஆணையமே 1990-களில் நடவடிக்கை எடுத்திருக்கிறது.

நம்ப முடியவில்லை என்றால் மண்டபம் போகும்போது விசாரித்துப் பாருங்கள். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமான சிக்ரியின் ஆய்வு நிலையம் அங்கே இருக்கிறது. கடல் காற்றில் இரும்பு எப்படிக் கெடுகிறது என்பதைப் பார்ப்பதே அவர்களுக்கு வேலை.

ஈசியார் ஜிம்னி
ரிட்டர்ன் ஏழு நாளுக்குள் என்று போட்டிருக்கிறான். பார்க்கிறேன்.

முதுகுளத்தூரான்
எல்லோரும் பூச்சைப் பற்றியே பேசுகிறீர்கள். மாமா சொன்ன வாட்டர் வாஷைக் கொஞ்சம் கவனியுங்கள். ராமநாதபுரம் ஜில்லாவில் வாட்டர் வாஷ் என்றால் போர் தண்ணீர். பல ஊரில் அதுவே உப்பு, வாயில் வைக்க முடியாது. உப்பைக் கழுவ உப்புத் தண்ணீரா?

மின்வேதி
இதுவரை வந்ததில் இதுதான் உருப்படியான கேள்வி. கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. உங்கள் போர் தண்ணீர், கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் 3,000 காட்டினால் லிட்டருக்கு மூன்று கிராம். கழுவாமல் விடுவதைவிட அது எவ்வளவோ மேல், பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறக்கிவிடுகிறது. ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். கடைசியாக ஒரு கேன் நல்ல தண்ணீரைக் கைப்பம்பால் சேசிஸ் ஓட்டைகளுக்குள்ளும் பிரேக் பைப் போகும் பாதையிலும் அடித்துவிடுங்கள். மருந்தடிக்கும் பம்பு போதும்.

பிரஷர் வாஷில் ஒரு எச்சரிக்கை. உப்பு தண்ணீரில் கரைகிற பொருள். அதை எடுக்க வேகம் வேண்டாம், நிறையத் தண்ணீரும் நேரமும் வேண்டும். சக்கர ஹப் சீல், பேரிங் பக்கம் கிட்டே வைத்துப் பீய்ச்சினால் உப்பையும் மணலையும் உள்ளே தள்ளிவிடுவீர்கள். தோட்டத்துக்கு வைக்கும் ஸ்பிரிங்ளரை வண்டிக்கு அடியில் தள்ளிவிட்டு அரை மணி நேரம் டீ குடிக்கப் போவது அதைவிட நல்லது. அன்றன்றைக்கே செய்யுங்கள், ஞாயிற்றுக்கிழமை வரட்டும் என்று வைக்காதீர்கள்.

பழைய டிரைவர்
தனுஷ்கோடிக்கு 2017-இல் ரோடு போடுவதற்கு முன்னால், முகுந்தராயர் சத்திரத்தில் இருந்து மணலிலும் கடல் தண்ணீரிலும் ஆள் ஏற்றிக்கொண்டு போன வேன்களை இங்கே யாராவது பார்த்திருக்கிறீர்களா? பழைய இன்ஜின் ஆயிலும் டீசலும் கலந்து அடிப்போம். செலவே இல்லை.

தூத்துக்குடிப் பட்டறை
அந்த வேன்களைப் பார்த்திருக்கிறேன் அண்ணே. அதனால்தான் சொல்கிறேன், வேண்டாம். வடித்த ஆயில் சஸ்பென்ஷன் ரப்பர் புஷ்ஷை ஊற வைத்துவிடும், பிரேக் ஹோஸுக்கும் ஆகாது. டிஸ்க்கில் ஒரு சொட்டுப் பட்டால் பிரேக் பிடிக்காது. அதில் அமிலமும் இரும்புத் தூளும் வேறு. மழையில் கழன்று கடைசியில் குளத்தில்தான் சேரும். இந்த ஒரு விஷயத்தில் படித்த சாரும் நானும் ஒரே கட்சி.

மின்வேதி
ஆமாம், ஒரே கட்சி.

ஆமைக்காவல்
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஜனவரியில் இருந்து மார்ச் வரை பங்குனி ஆமை முட்டையிட வரும் காலம். அலைக்கோட்டுக்கு மேலே உள்ள மணலில் வண்டி ஏறினால் குழியில் இருப்பது நசுங்கும். தொழிலுக்குப் போகிறவர் என்பதால் சொல்கிறேன், மேட்டுப் பாதையில் நிறுத்திவிட்டு நடந்து போக முடியுமா பாருங்கள். வண்டிக்கும் நல்லதுதானே.

தொண்டிக்காரன்
எல்லோருக்கும் நன்றி. ஆமை விஷயம் எங்கள் பக்கத்து மீனவர்களும் சொல்வார்கள், அந்த மாதங்களில் இறக்க மாட்டேன். நேற்று வண்டிக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். சேசிஸ் ஓட்டைகள் திறந்துதான் இருக்கின்றன. விரலை விட்டால் மணல் வருகிறது! அப்புறம் ஷோரூமில் கேட்டேன், "இந்த ஓட்டைக்குள்ளும் அடிப்பீர்களா?" என்று. "அதையெல்லாம் சேர்த்து மூடிவிடுவோம் சார், தண்ணீரே போகாது" என்றார்கள்.

மின்வேதி
ஓட்டையை மூடினால் வெளியே ஓடிவிடுங்கள்! உள்ளே போகும் வழி அது ஒன்றுதான் என்று நினைத்துவிட்டார்கள். தண்ணீர் வேறு இடுக்கில் புகுந்துவிடும், வடியத்தான் வழி இருக்காது.

தூத்துக்குடிப் பட்டறை
ஓட்டையை மூடுவது தப்பு, சந்தேகமே இல்லை. நான் அடிக்கும்போது டேப் ஒட்டிவிட்டு, முடிந்ததும் எடுத்துவிடுவேன். ஆனால் என் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை. வீல் ஆர்ச்சுக்கும் தரைத் தகட்டுக்கும் ரப்பர், குழலுக்கு உள்ளே வேண்டுமானால் உங்கள் மெழுகு.

மின்வேதி
வீல் ஆர்ச்சுக்குச் சரி. தரைத் தகட்டில் மடிப்பும் ஜாயின்ட்டும் உள்ள இடத்தில் ரப்பர் வேண்டாம் என்பேன். உள்ளே கேவிட்டி வாக்ஸ், அதாவது குழலுக்குள் அடிக்கும் மெழுகு, வெளியே மடிப்புகளில் லனோலினோ மெழுகோ. முக்கியமாக முதலில் உள்ளே இருக்கும் மணலை எடுக்க வேண்டும். மணல் மேல் மெழுகு அடிப்பதும் தையல் வேலைதான். ஏற்கெனவே செம்மை படிந்த போல்ட் தலைகள் இருந்தால் கம்பி பிரஷ் போட்டு, பாஸ்பாரிக் அமிலம் உள்ள ரஸ்ட் கன்வெர்ட்டர் ஒரு கை, அப்புறம் ஜிங்க் பிரைமர். புதிதாக ஓட்டை போடாதீர்கள், வாரன்டியில் கேள்வி வரும். இருக்கும் ஓட்டைகளே போதும்.

தூத்துக்குடிப் பட்டறை
மடிப்பில் மெழுகு, அடுத்த மழையில் மணலோடு சேர்ந்து அப்பம் மாதிரி ஒட்டும். அதைச் சுரண்ட நாங்கள் இருக்கிறோம், சரி.

பிரிஸ்பேன் ராசா
ஒட்டும், உண்மை. ஆனால் அதற்கு அடியில் இரும்பு இரும்பாக இருக்கும் அண்ணே.

தொண்டிக்காரன்
ஷோரூமில் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். குழலுக்குள் அடிக்க நீளக் குழாய், சுற்றிலும் பீய்ச்சும் நாசில், இதெல்லாம் ராமநாதபுரத்தில் யாரிடம் இருக்கிறது?

தூத்துக்குடிப் பட்டறை
ராமநாதபுரத்தில் தெரியாது. என்னிடம் இருக்கிறது. மெழுகு நீங்கள் வாங்கி வாருங்கள், ரப்பர் என் செலவு. முந்தின நாளே மணலைக் கழுவி, ஒரு நாள் வெயிலில் நன்றாகக் காயவைத்துக் கொண்டு வர வேண்டும். ஈர வண்டியைக் கொண்டு வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். சனிக்கிழமை வேண்டாம், அன்றைக்கு மீன் வண்டிகள் வரிசையில் நிற்கும்.